அண்டை மனையின் நில உபயோக மாற்றம்

நகரம் ஒன்றின் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஏதேனும் ஓர் இனத்தின்கீழ்க் குறிக்கப்பட்டிருக்கும் நிலத்தை, உடையவரின் மனுவின் பேரிலாவது அரசாங்கத்தின் சொந்த முயற்சியாலாவது, சட்டம் விதித்திருக்கும் கிரமப்படி வேறோர் இனத்துக்கு மாற்றுவதற்கு நில உபயோக மாற்றம் என்று பெயர். மனுச் செய்கிறவர் நிலத்துக்கு உடையவர். முடிவு செய்வது திட்டக் குழுமம். ஆயினும் அம்மாற்றத்தின் பலனை, அது நன்மையாயினும் தீமையாயினும், அடுத்து வரும் ஐப்பசி மழையிலிருந்தே அனுபவிக்கத் தொடங்குகிறவர் இவ்விருவரிலும் சேராத பக்கத்து வீட்டுக்காரரே. கருவேலமும் எருக்கும் மண்டி, மாலை வேளைகளில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதற்கும், மழைக்காலத்தில் தெருவின் தண்ணீர் முழுவதும் போய்த் தேங்குவதற்கும் இருபது வருஷமாகப் பயன்பட்டு வந்த காலி மனையில், ஒரு நாள் காலையில் நாலு பேர் அளவு நாடாவோடு வந்து எல்லைக்கல்லைத் தேடுவார்களானால், அவருக்கு எழும் முதற்கேள்வி, ‘இங்கே என்ன வரப்போகிறது?’ என்பதாகவே இருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி, ‘இங்கே என்ன வருவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது?’ என்பது. இக்கட்டுரை அவ்விஷயத்தைத் தமிழ்நாட்டுச் சட்டத்தை, விசேஷமாகச் சென்னைப் பெருநகரப் பகுதியின் நடைமுறையை, ஆதாரமாகக் கொண்டு கூறுகிறது.

தொழிலுக்கும் குலத்துக்கும் தக்கபடி ஊரின் திசைகளைப் பங்கிடும் முறை மயமதம் முதலிய சிற்ப நூல்களிலேயே காணப்படுகிறது. ஆனால், தனியார் ஒருவர் தம் சொந்த நிலத்தை இன்ன காரியத்துக்குத்தான் பயன்படுத்தலாம் என்று பொதுச் சட்டத்தால் வரையறுக்கும் தற்கால முறை வேறு வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தை அடுத்த யூக்ளிட் என்னும் சிற்றூரில், 68 ஏக்கர் காலி நிலத்தை வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற மனை வணிக நிறுவனம், ஊராட்சியின் வகைப்பாட்டு விதி தன் சொத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்று தொடுத்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-ஆம் ஆண்டு ஊராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலவகைப்பாட்டுச் சட்டங்களுக்கு உலகப் பிரசித்தியான ஆதாரமாக அத்தீர்ப்பு இன்றளவும் எடுத்துக் காட்டப்படுகிறது.

சென்னையோ அதற்கு முன்பே இச்சாஸ்திரத்தோடு பரிச்சயம் கொண்டுவிட்டது. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் நகர அமைப்புக் கண்காட்சி ஒன்றை இந்நாட்டில் நடத்துவதற்காக 1914-ஆம் ஆண்டு புறப்பட்டு வந்தபோது, அவருடைய படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலை, செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய வேறு படங்களைக் கொண்டு, 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்காட்சி சென்னையிலேயே நடந்தேறியது. எம்டன் என்ற சொல் இன்றும் நம் பேச்சில் வழங்கிவர, அது மூழ்கடித்த நகர வரைபடங்களை நினைப்பவர் அரியர். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1920-இல், சென்னை நகரத் திட்டச் சட்டம் பிறந்தது. அதை நீக்கி அதனிடத்தில் வந்ததே, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. இன்று நடப்பில் உள்ளது அதுதான். பெருநகர வளர்ச்சிக் குழுமம், மக்கள் நாவில் சி.எம்.டி.ஏ., 1974-இல் சட்ட அந்தஸ்துப் பெற்றது. அதன் முதலாவது முழுமைத் திட்டத்துக்கு 1976-இலும், 1,189 சதுர கிலோமீட்டர்ப் பரப்புக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு 2008 செப்டம்பரிலும் அரசின் ஒப்புதல் கிடைத்தது. பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் ஆணை 2022-இல் பிறந்தது.

இரண்டாம் முழுமைத் திட்டம் நிலத்தை ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விசேஷ மற்றும் அபாயகரத் தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறம் சாராதது என்னும் இனங்களாகப் பிரித்திருக்கிறது. இந்த இனம் தெருவுக்கோ பேட்டைக்கோ பொதுவாகக் கூறப்படுவதன்று. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் என்ற அடையாளத்தோடு ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனியே ஒட்டியிருப்பது. ஆகவே, தம் வீட்டின் சர்வே எண்ணையே பத்திரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்ட ஒருவர், அண்டை மனையைப் பற்றி விசாரிக்கப் புகுவதற்கு முன், அதன் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருவாய்த் துறையின் புலப்படத்தில் தம்முடைய உட்பிரிவைக் கண்டுபிடித்து, அதை ஒட்டிய கோட்டுக்கு அப்பால் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும். எண் தெரிந்தபின் அதன் உபயோக இனத்தைக் குழுமத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதிகாரபூர்வமான கடிதம் வேண்டுமாயின் குழுமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் இடறி விழும் குழப்பம் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பட்டாவிலும் ‘ஏ’ பதிவேட்டிலும் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று எழுதியிருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. அது தீர்வை விதிப்பதற்காகவும் உடைமையைக் குறிப்பதற்காகவும் ஏற்பட்டது. முழுமைத் திட்டத்தின் வகைப்பாடு அதனின்று வேறானது. பட்டாவில் நஞ்சை என்றிருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் ஆதாரக் குடியிருப்பாக இருக்கலாம். அப்படியிருந்தால், ‘நஞ்சை நிலத்தில் வீடு கட்டுகிறார்கள்’ என்று மனு எழுதுகிறவரின் முயற்சி முதல் வரியிலேயே பயனற்றுப் போகும். எதிர்மாறாக, கண்ணுக்கு மனையாகத் தெரிந்து, எல்லைக்கல் நட்டு, வேலியும் போட்டிருக்கும் நிலம் திட்டத்தில் விவசாய இனத்திலோ திறந்தவெளி இனத்திலோ இருப்பதும் உண்டு. சொத்து வரி ரசீதில் வணிகம் என்றிருப்பதும் இவ்விஷயத்தில் சாட்சியாகாது. உள்ளாட்சி அமைப்பு நடப்பைப் பார்த்து வரி போடுகிறதேயன்றி நடப்பு நியாயமானதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

இனம் தெரிந்த பின்னர் அநேகருக்கு ஏற்படுவது ஏமாற்றம். தாம் அஞ்சுகிற கட்டடத்துக்கு உபயோக மாற்றமே வேண்டியதில்லை என்பதை அப்போதுதான் அவர்கள் அறிகிறார்கள். 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத கட்டடம் என்பது 18.30 மீட்டர் உயரம் வரை செல்லலாம். சாதாரணமாக அதற்குத் தளப்பரப்புக் குறியீடு, எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்வது, 2. அதாவது 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி வரை தளங்களை எழுப்பலாம். தெருவின் அகலமும் விட வேண்டிய பக்க இடைவெளிகளும் அதற்கு வரம்பு கட்டும். ஓட்டு வீடுகளும் ஒற்றை மாடிகளும் நிறைந்த தெருவில் அடுக்குமாடி வருவது கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றினாலும், ஆதாரக் குடியிருப்பு என்ற இனத்துக்கு அது அந்நியம் அன்று. அத்தகைய இடத்தில் அண்டை வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது உபயோக மாற்றத்தையன்று, திட்ட அனுமதியையும் அதன் நிபந்தனைகளையுமே. கலப்புக் குடியிருப்பு இனத்திலோ கடைகளும் சிறு தொழில்களும் அலுவலகங்களும் இன்னும் தாராளமாக இடம் பெறும்.

மெய்யாகவே மாற்றம் வேண்டியிருக்கும்போது நடைபெறும் காரியக்கிரமம் பின்வருமாறு. நிலத்துக்கு உடையவர் பத்திரம், பட்டா, புலப்படம், இடவரைபடம் முதலியவற்றை இணைத்துக் குழுமத்துக்கு மனுச் செய்கிறார். குழுமத்தார் இடத்தைப் பார்வையிட்டு, சுற்றுவட்டாரத்து நிலங்களின் தற்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, உள்ளாட்சி அமைப்பின் கருத்தையும், நிலத்தின் தன்மைக்கேற்ப நீர்வளத் துறை, வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றின் கருத்துக்களையும் கேட்கிறார்கள். ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கோரி நாளிதழ்களில் அறிவிப்பு வெளியாகிறது. தொழில்நுட்பக் குழுவின் பரிசீலனை முடிந்து குழுமத்தின் கூட்டத்தில் முடிவாகி, இசைவு ஏற்பட்டால், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவின்படி முழுமைத் திட்டத்துக்கான திருத்தமாகத் தமிழ்நாடு அரசிதழில் பிரசுரிக்கப்படுகிறது. இன்ன கிராமத்து இன்ன சர்வே எண்ணில் அடங்கிய நிலம் இதுவரை இருந்த இனத்திலிருந்து நீக்கப்பட்டு வேறோர் இனத்தில் சேர்க்கப்பட்டது என்று நாலைந்து வரிகளில் அடங்கிவிடும் அந்தப் பிரசுரம், நிலத்தின் விலையைச் சில வேளைகளில் பல மடங்காக்கிவிடுகிறது என்பதை அதன் உலர்ந்த வாசகத்திலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

இவ்வளவு நீண்ட கிரமத்தில் அண்டை வீட்டுக்காரருக்கென்று திறந்திருக்கும் வாசல் அந்தப் பத்திரிகை அறிவிப்பு ஒன்றேயாகும். அதுவோ நாளிதழின் உட்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே, பொடி எழுத்தில் வருவது. தெருவின் பெயரோ, எல்லோரும் அறிந்த அடையாளமோ, ‘பிள்ளையார் கோயிலுக்கு எதிர்மனை’ என்ற விளக்கமோ அதில் இராது. சர்வே எண்ணும் கிராமத்தின் பெயருமே இருக்கும். கிராமத்தின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயராதலால், அந்த நகரில் முப்பது ஆண்டு குடியிருந்தவருக்கும் அது தம் தெருவைப் பற்றியது என்று புலப்படாமல் போகலாம். முன்னமே எண்ணைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுவே. ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுக்கும் அவகாசமும் சில வாரங்களேயாதலின், அளவு நாடாவைக் கண்ட நாளிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தோடு, இன்ன எண்ணுக்கு உபயோக மாற்ற மனு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று கேட்டு வைப்பது விவேகம். அதற்குப் பதில் தர வேண்டிய கெடு 30 நாள்.

ஆட்சேப மனு எழுதுவது ஒரு தனிக் கலை. அதில் தேர்ச்சி பெற்றோர் சிலரே. பலர் அதைப் புகார்க் கடிதமாகவோ, வேண்டுதலாகவோ, சாபமாகவோ எழுதிவிடுகிறார்கள். குழுமத்தின் முன் இருக்கும் கேள்வி, இந்த நிலம் புதிய உபயோகத்துக்குத் தகுதியானதா, சுற்றுப்புறத்தோடு அது பொருந்துமா, சாலையும் சாக்கடையும் அதைத் தாங்குமா என்பதே. மனுக்காரரின் குணநலன்களோ அவர் எப்படி அந்நிலத்தை வாங்கினார் என்பதோ அக்கேள்விக்குப் புறம்பானவை. உடைமையில் தகராறு இருந்தால் அதற்குரிய இடம் உரிமையியல் நீதிமன்றம். மெய்யான வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்தால், அந்த வழக்கின் எண்ணை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லலாம்.

தண்ணீரைப் பற்றிய ஆட்சேபத்துக்கே தமிழ்நாட்டில், அதிலும் சென்னை போன்ற தட்டையான கடலோர நகரத்தில், எல்லாவற்றினும் பலம் அதிகம். ஏரியும் வாய்க்காலும் தாங்கலும் அடுக்கடுக்காக இருந்த நிலத்தின்மேல் எழுந்த நகரம் இது. காலி மனை என்று நாம் அழைப்பதில் ஒரு பங்கு முன்னாளில் நீர் போக்கிடமாகவோ நீர் பிடிப்பாகவோ இருந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் நகரத்துக்குள் புகுந்தபோது, எந்தத் தாழ்நிலம் எந்தத் தெருவின் நீரை வாங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பலர் முதன்முறையாகக் கண்டுகொண்டனர். ஆகவே அண்டை வீட்டுக்காரர் செய்யத்தக்க மிகப் பயனுள்ள காரியம், கிராம வரைபடத்தின் பழைய பிரதி ஒன்றைப் பெற்று, அம்மனையின் குறுக்கிலோ ஓரத்திலோ வாய்க்கால் குறித்திருக்கிறதா என்று பார்ப்பது. படத்தில் வாய்க்கால் போகும் இடத்துக்குத் தனி சர்வே எண்ணும், ‘ஏ’ பதிவேட்டில் அதற்கு நேரே புறம்போக்கு என்ற குறிப்பும் இருக்குமாயின், அந்த இரண்டு தாள்களின் நகலை இணைத்த மனு, அரை நூறு கையெழுத்துக்கள் கொண்ட மனுவைவிடக் கனமானது.

அதற்கு அடுத்த சாட்சி கண்கூடானது. சில வீடுகளில் சுற்றுச்சுவரின் உட்புறத்தில் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் நின்ற உயரத்தைக் கரிக்கோட்டால் இழுத்து, பக்கத்தில் தேதியையும் எழுதி வைத்திருப்பதைக் காணலாம்; முழங்கால் அளவு ஒரு கோடு, அதற்கு ஒரு சாண் மேலே 2015 என்று இன்னொரு கோடு. வீட்டுக்காரர் அதை வெறும் நினைவுக்காகவே செய்திருப்பார். அந்தச் சுவரின் புகைப்படமும், அதே நாளில் அண்டை மனையில் தண்ணீர் நிற்கும் புகைப்படமும், மனையின் தரைமட்டம் தெருவைவிட எத்தனை அடி பள்ளம் என்ற அளவும், நீர்வளத் துறைப் பொறியாளர் வெள்ளப் பெருக்கைப் பற்றித் தம் கருத்தை எழுத உட்காரும்போது மேசைமேல் இருக்க வேண்டிய பொருள்கள். மனையை மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் அவரே கூற வேண்டியிருக்கிறது. இவையன்றிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய நிலத்தடி நீர்ச் செறிவூட்டும் பகுதி ஆகியவற்றை இரண்டாம் முழுமைத் திட்டமே தனிப்பட்ட கட்டுப்பாட்டுக்கு உரியனவாகக் காண்கிறது. அண்டை மனை அவற்றினுள் அடங்குமாயின் அதை மனுவின் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சாலையைப் பற்றிய வாதம் இதைவிட எளியது. தெருவின் அகலத்தை நாடா வைத்து இரண்டு மூன்று இடங்களில் அளந்து, தண்ணீர் லாரியோ பள்ளி வாகனமோ திரும்பும் முனையில் எத்தனை அடி இருக்கிறது என்று குறித்துக் கொடுத்தால் போதும்.

அண்டை மனை என்பது உண்மையில் தனியார் மனைதானா என்பதும் சந்தேகத்துக்குரிய கேள்வியே. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கும் சாலைக்கும் ஒதுக்கிய இடங்கள் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு உரிமையாகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் பொதுக்காரியத்துக்கும் ஒதுக்கிய இடங்கள் மனைப்பிரிவு போட்டவர் கையிலேயே தங்கி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, ‘இங்கே பள்ளிக்கூடம் கட்ட யாரும் முன்வரவில்லை’ என்ற காரணத்தோடு வீட்டு மனைகளாக மாறப் புறப்படுவதுண்டு. மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. பெங்களூரில் ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கியிருந்த இடத்தை மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்கு வழங்கியபோது, அப்பகுதிக் குடியிருப்போர் நீதிமன்றம் சென்றார்கள். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர்கள் மனுவைத் தள்ளினார். இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றது. உச்ச நீதிமன்றம் 1991-இல் அதை உறுதி செய்தது. பெங்களூர் மெடிகல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அவ்வழக்கில், பூங்காவின் பயனை அனுபவிக்க வேண்டியவர்களாகிய குடியிருப்போருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்பதும் தெளிவாயிற்று. அதற்கும் முன்னர், 1974-இல், உடுப்பி நகராட்சியில் கல்யாண மண்டபமும் சொற்பொழிவு மண்டபமும் என்று அனுமதி பெற்ற இடத்தில் சினிமாக் கொட்டகை எழுந்ததை எதிர்த்து அக்கம்பக்கத்தில் வசித்த ஒருவர் கொண்டுவந்த வழக்கில், நகரத் திட்டத்துக்கு முரணாக நகராட்சி கொடுத்த அனுமதி செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. கல்யாண மண்டபமே அண்டை வீட்டாருக்குச் சிறிய துன்பமன்று என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர் இருப்பர்; அது வேறு விஷயம்.

எந்த வாதங்கள் எடுபடா என்பதையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். மாடியிலிருந்து தெரிந்த தென்னந்தோப்பு இனித் தெரியாது என்பது வருத்தத்துக்குரியதேயாயினும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. காட்சி என்பது ஓர் உரிமையன்று. சன்னல் வழியே வரும் வெளிச்சமும் காற்றும் 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி 20 ஆண்டு இடையறாத அனுபவத்தால் உரிமையாகக்கூடும். ஆனால் அது உரிமையியல் நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டிய விஷயமேயன்றித் திட்டக் குழுமத்தின் முன் வைக்கத்தக்கதன்று. புதிதாக யார் குடிவருவார்கள் என்ற அச்சத்தை மனுவில் எழுதுவதோ தகாதது. அது எழுதியவரின் மற்ற நியாயமான வாதங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். கையெழுத்துக்களின் தொகைக்கும் இங்கே எண்ணளவில் மதிப்பில்லை. அமெரிக்காவில் 1920-களில் வர்த்தகத் துறை வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில், சம்பந்தப்பட்ட பகுதியிலோ அதை ஒட்டியோ உள்ள நிலத்தில் 20 சதவிகிதத்துக்கு உடையவர்கள் எழுத்து மூலம் எதிர்த்தால், நகர மன்றத்தில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர் ஆதரவின்றி மாற்றம் நிறைவேறாது என்று விதி செய்து, பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நம் சட்டத்தில் அத்தகைய கணக்கு ஏதும் இல்லை. நூறு பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவது ஒரே ஆட்சேபமாகத்தான் எண்ணப்படும். ஐந்து வீட்டுக்காரர்கள் ஐந்து வெவ்வேறு உண்மைகளைச் சொன்னால் ஐந்துக்கும் பதில் எழுத வேண்டிவரும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் இதை உணர்ந்து, வாய்க்காலை ஒருவரும் சாலையை ஒருவரும் மனைப்பிரிவு வரைபடத்தை ஒருவருமாகப் பங்கிட்டுக்கொள்வது நலம்.

எல்லா மாற்றங்களையும் எதிர்க்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. சாயப் பட்டறைக்கோ கிடங்குக்கோ இடம் தரும் தொழில் இனத்திலிருந்து குடியிருப்பு இனத்துக்கு வரும் மனையை அண்டை வீட்டுக்காரர் வரவேற்று எழுதலாம். அறிவிப்பில் ஆட்சேபத்தோடு யோசனையையும் கோரியிருப்பது வெறும் அலங்காரத்துக்கன்று. மாற்றம் எப்படியும் வந்தே தீரும் என்று தோன்றும் இடத்தில் நிபந்தனைகளை நாடுவதே பலன் தரும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடம் எழுப்புகிறவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையிலும் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம் என்ற சலுகை உண்டு. அதற்கு மேற்பட்டால் நிலத்தையே தானமாகக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று அழைக்கப்படும் அந்நிலம் எந்த மூலையில் அமையும், தெருவிலிருந்து எல்லோரும் நுழையக்கூடியதாக இருக்குமா அல்லது புதிய குடியிருப்பின் காவலாளியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்குமா என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே எழுப்ப வேண்டிய கேள்விகள். நிலத்தை உயர்த்தும் அளவு, மழைநீர் வடிகாலின் போக்கு, சாலை அகலப்படுத்த விட்டுத் தரும் இடம் ஆகியவையும் அவ்வாறே. மற்றொன்றும் உண்டு. இன்று ஆட்சேபிக்கிறவரே நாளைக்குத் தம் வீட்டின் முன்புறத்தைக் கடையாக்கக் கலப்புக் குடியிருப்பு கேட்டு மனுப்போடுவார். அப்போது பழைய கோப்பில் அவருடைய கையெழுத்தோடு இருக்கும் கடிதத்தை எடுத்துக் காட்ட எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இருந்தே தீருவார்.

அரசிதழில் வெளியான பின் ஆட்சேப மனுவுக்கு வேலையில்லை. அதன்பின் இருப்பது அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்வது. நீதிமன்றம் பொதுவாக, அந்த மனைக்கு எந்த இனம் சிறந்தது என்ற ஆராய்ச்சியில் இறங்குவதில்லை. கிரமப்படி அறிவிப்புச் செய்தார்களா, வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்தார்களா, சம்பந்தமற்ற காரணங்களால் முடிவெடுத்தார்களா என்று பார்க்கிறது. ஆட்சேபத்தை நேரில் கொடுத்துப் பெற்ற ஒப்புகை முத்திரையும், தபாலில் அனுப்பியதற்கான ரசீதும் அந்நாளில்தான் தம் மதிப்பைக் காட்டுகின்றன.

மாற்றம் கிடைத்துவிட்டது என்பதால் கட்டடம் கட்டலாம் என்றும் ஆகிவிடாது. சட்டத்தின் 49-ஆவது பிரிவின்கீழ்த் திட்ட அனுமதி தனியே பெற வேண்டும். அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ எழும் கட்டடத்தின்மேல் 56, 57-ஆவது பிரிவுகளின்படி வேலை நிறுத்தத்துக்கும் நீக்கத்துக்கும் நடவடிக்கை எடுக்கலாம். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, அடித்தளம் எழும்பும் பருவத்திலேயே பக்க இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கிற அண்டை வீட்டுக்காரர், கூரை போட்டபின் புகார் எழுதுகிறவரைவிட அதிகம் சாதிக்கிறார். பெருநகரப் பகுதிக்கு வெளியே குழுமத்தின் இடத்தில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் மாவட்ட அலுவலகங்களும் நிற்கின்றன. எந்தத் திட்டத்துக்கும் உட்படாத கிராமப் பகுதிகளில், விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றுவதற்குச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-ஆம் ஆண்டு விதிகளும் வேறு வழி காட்டுகின்றன.

இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஆம் ஆண்டை எல்லையாக வைத்துத் தயாரிக்கப்பட்டது. மூன்றாம் திட்டத்துக்கான வேலை நடந்து வருகிறது. ஒற்றை மனைக்கு வரும் அறிவிப்பைப் போலன்றி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஊர் முழுவதற்கும் ஒரே சமயத்தில் ஆட்சேபமும் யோசனையும் கோரப்படும். தெருக்கோடியில் உள்ள காலி மனையின் குறுக்கே ஓடும் வாய்க்காலைத் தனக்குரிய எண்ணோடு அந்த வரைபடத்தில் ஏற்றிவிட விரும்புகிறவர், எவரும் எந்த மனுவும் போடாமல் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதலாம்.